பாவாடை நாடா

லா சப்பலில், நம்மவர்களின் கடைத்தெருவில், என் வாய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. சாறிக்கடை ஒன்றின் பின்னறையில் இரண்டு தையல் மெசின்களோடு இருக்கிறேன். பெயர் தவநாயகி, எல்லாருக்கும் தவமக்கா. சட்டை தைக்க வருகிறவர்கள் அளவு தருவதற்கு முன்னமே என்னிடம் இரண்டு பேச்சு வாங்கிவிடுவார்கள். போன தையில் தந்த அளவையே இந்தத் தையிலும் சொல்லுகிறவர்களிடம், "அப்ப இடையில சாப்பிட்டதெல்லாம் எங்கை போனது?" என்று கேட்பேன். கோபித்துக்கொண்டு போவார்கள், அடுத்த கலியாணத்துக்குத் திரும்பி வருவார்கள். ஏனென்றால் நான் தைத்த சட்டை இறுகாது. உள்பக்கம் இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன், உடம்பு போட்டால் பிரித்து விடலாம். வளருகிற பிள்ளைகளுக்கு என்றால் கேட்காமலே இன்னும் ஒரு விரல் தளர்த்தி வைப்பேன். இறுகினால் திட்டுவார்கள், தளர்ந்தால் ஒருவரும் திட்டமாட்டார்கள். என் தொழிலில் நான் கண்டது அதுதான்.

இவ்வளவு வாயடிக்கிற நான் ஓர் இடத்தில் மட்டும் ஊமை. கையில் படிவமும் பேனையும் வைத்துக்கொண்டு யாராவது பிரெஞ்சில் கேள்வி கேட்டால், "கொம்ப்ரான் பா" என்பேன். விளங்கவில்லை என்று அர்த்தம். ஆனால் எனக்கு நன்றாகவே விளங்கும்.

பிறவியிலேயே வந்த பழக்கம் இல்லை அது. 2009 தையில் நான் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பின்னேர வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்த புதுசு. ஒருநாள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள், பதிவில்லாத வேலையாட்களைத் தேடுகிற அரசாங்க ஆட்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அதில் ஒருத்தி சிரித்த முகத்தோடு, கீழே நிலவறையில் எத்தனை பேர் கோப்பை கழுவுகிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். படித்ததைக் காட்டுகிற ஆசையில், "நாலு பேர் வேலை செய்கிறார்கள், மடம்" என்று முழு வசனமாகச் சொன்னேன். என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு அவள் நாலு என்று எழுதினாள். மூன்று பேருக்கு வேலை போனது. நாலாவது ஆள் உதயன், விசாப் பேப்பர் இல்லாதவன். அவனைச் சித்திரையில் ஊருக்கு ஏற்றினார்கள். அந்தச் சித்திரை எப்படிப்பட்ட சித்திரை என்று நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏழு மாதம் அவனிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு பார்த்தால் உயிரோடுதான் இருந்தான். ஆனால் இங்கே இருந்த அவன் மனைவி என்னைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போவாள். நான் போய் அவளிடம் ஒரு சொல்கூட மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வெளியே எனக்கு வாய் என் மகள் சாம்பவிதான். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், விசாப் புதுப்பிக்கிற பிரெபெக்ட்டூர் எல்லா இடத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண் பத்து வசனம் கத்துவாள். சாம்பவி என்னிடம் திரும்பி, "ஒண்டுமில்லை அம்மா, அடுத்த மாசம் வரட்டாம்" என்பாள். எனக்கு விளங்கியது என்று அவளுக்குத் தெரியும். கவுண்டருக்குக் கீழே என் கையை ஒருதரம் அமத்துவாள். திரும்பி வருகிற றெயிலில் அந்தப் பெண்ணைப்போலவே கதைத்துக் காட்டுவாள், நாங்கள் இறங்குகிற கார்ஜ் நிலையம் வரும்வரைக்கும் நான் சிரித்துக்கொண்டு வருவேன். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த களவு அது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்தது அந்த றெயிலில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

2012இல் பல்கலைக்கழகம் போனாள். ஒரு மாதம் ஆகவில்லை, தோளில் ஒரு நீளத் தடியோடு வந்தாள். தடியின் நுனியில் சின்ன வலை. லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டாம். பந்தைக் கையால் தொடக்கூடாதாம். வலையால் ஏந்தி, ஓடி, வலையாலேயே எறிந்து கோல் போட வேண்டுமாம். அமெரிக்காவிலிருந்து ஒரு வருடத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள் தொடங்கிய அணி, ஆள் போதாமல் ஓடத் தெரிந்த எல்லாரையும் பிடித்திருக்கிறார்கள். "கம்பசுக்குப் போனவள் அகப்பையோடை வாறாள்" என்று நான் இவரிடம் சொன்னேன். இவர் என் கணவர் குகதாசன், உணவகத்தில் சமைத்துக் களைத்து வருகிற மனிசன். "அவளை விடும்" என்றார். அவர் அதிகமாகச் சொல்லுவது அவ்வளவுதான்.

அகப்பை என்ற பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது. எங்கள் மாடிக்கட்டிடத்தின் பின்சுவரில் ஒவ்வொரு நாளும் பந்தை எறிந்து பிடிப்பாள். வலக்கையால் நூறு, இடக்கையால் நூறு. கீழ்வீட்டு அல்ஜீரியக் கிழவர் முதலில் சத்தம் என்று முறைப்பாடு செய்தார். பிறகு வாங்கில் வந்து குந்தியிருந்து, அவளுக்காக அரபில் எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை தவறினால் அவளோடு சண்டையும் பிடிப்பார்.

முதல் வருடம் முப்பத்தொரு கோல். இரண்டாம் வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் நாற்பத்தேழு. அந்த அணியின் பயிற்சியாளர் மத்தில்ட் என்ற இளம் பிரெஞ்சுப் பெண், இப்படி ஓடுகிற பிள்ளையைத் தான் இதுவரை பயிற்றவில்லை என்று சொன்னாளாம். றெயில் நிலையத்தில் சும்மா கொடுக்கிற பேப்பரில் சாம்பவியின் படம் வந்தது. தலைமயிர் பறக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று பேரைத் தாண்டி ஓடுகிறாள். அதைக் கொண்டுவந்து காட்டினாள். "வெய்யிலுக்கை நிண்டு முகம் கறுத்துப்போச்சு" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் படத்தை வெட்டி என் மெசின் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒட்டி வைத்தேன். நூல் சுத்துவதற்கு அந்தப் பேப்பரை எடுத்துவிட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன். பெருமைப்பட்டேன், ஆனால் அதைச் சொல்லவில்லை. சும்மா நேரத்தில் நிற்காத வாய் இதற்கு ஏன் பூட்டிக்கொண்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

2014 வைகாசியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிண்ணம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அரையிறுதி, பின்னேரம் இறுதி. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பயிற்சியாளராக இருக்கிற ஓர் அம்மா இதைப் பார்க்க வருகிறாள் என்றும், எல்லாம் சரியாகப் போனால் சாம்பவியை இரண்டு வருடத்துக்குத் தன் அணிக்கு எடுத்து, அங்கேயே படிக்கவும் வைப்பாள் என்றும் மத்தில்ட் சொல்லியிருந்தாள். சாம்பவி அதற்கு முந்தின நாள் கடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, நாளைக்கு வாருங்கோவன். ஒருக்கா வந்து பாருங்கோ."

இரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம்.

போனேன். றோல்ஸ் சுட்டுக் கொண்டு போனேன். என் கைப்பைக்குள் எப்போதும் இருக்கிற ஊசி, நூல், ஊக்கு, இரண்டு புதுப் பாவாடை நாடா எல்லாம் இருந்தன. காலையில் நடுவர் ஒவ்வொருத்தியுடைய தடியையும் வாங்கிச் சோதித்து, சரியென்றால் கைபிடியில் ஒரு பச்சைத் துண்டு ஒட்டினார். என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

"பந்து வலைக்குள்ள தாழக் கூடாதம்மா. கண்ணுக்கு நேரை பிடிச்சுப் பாத்தா, விளிம்புக்கு மேல பந்தின்ரை முதுகு தெரியவேணும். தாழ்ந்தா பந்து விழாது. அது கள்ள ஆட்டம்."

ஓம் ஓம் என்று கேட்டேன். பாதிதான் காதில் விழுந்தது, மற்றப் பாதி றோல்ஸ் ஆறாமல் துணி சுற்றுவதில் போய்விட்டது.

அரையிறுதியில் என் பிள்ளை ஓடியதைப் பார்த்தேன். வீட்டில் கோப்பை கழுவச் சொன்னால் அசையாத பிள்ளை. அங்கே எல்லாரும் அவளைப் பார்த்து, அவளுக்குப் பயந்து ஓடினார்கள். ஐந்து கோல் போட்டாள். இரண்டு தரம் மட்டும் பந்து அவள் வலையிலிருந்து துள்ளி விழுந்தது. வென்றுவிட்டார்கள். கடைசி நேரத்தில் எவளோ தடியால் அடித்ததில் சாம்பவியின் வலையில் ஒரு கயிறு அறுந்துபோனது. அவளிடம் இருந்த இரண்டாவது தடியை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தாள்.

"அம்மா, உங்களிட்டை ஊசி இருக்குமெல்லே. இந்த அறுந்த இடத்தை மட்டும் முடிஞ்சு விடுங்கோ. மற்றதொண்டும் தொடாதேங்கோ. மத்தில்ட் கூப்பிடுறா, நான் போயிட்டு வாறன்."

முடியப் பார்த்தேன். கயிறு நைந்து போயிருந்தது, முடிச்சு நிற்கவில்லை. அதை உருவி எடுத்துவிட்டு ஒரு பாவாடை நாடாவை ஊக்கில் குத்தி, பாவாடைக்குக் கோக்கிற மாதிரியே கோத்தேன். வெள்ளை நாடா, நல்ல பலம். கோத்து முடிகிறபோது ஒரு விரல் தளர்த்தி விட்டேன். கை தானாகச் செய்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். இரண்டு தரம் பந்து விழுந்ததை நான் கண்டேன், இனி விழக்கூடாது என்று நினைத்துத்தான் தளர்த்தினேன். தொடாதே என்று பிள்ளை சொன்னதும் நினைவிருந்தது. எனக்குத் தெரியாத தையலா என்ற தடிப்பு.

விசில் ஊதுகிற நேரத்தில் ஓடிவந்து தடியை வாங்கினாள். வெள்ளை நாடாவை ஒருதரம் பார்த்தாள், என்னை ஒருதரம் பார்த்தாள். அங்கே பெயர் சொல்லிக் கத்தினார்கள். ஓடிவிட்டாள்.

அரை மணித்தியாலத்தில் மழை வந்தது. புல்லெல்லாம் சகதி. ஆளுக்கு ஏழு கோல் என்று சமமாக நின்றது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது சாம்பவி நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒருத்தி மறித்தாள், சுழன்று வெளியே வந்தாள். இன்னொருத்தி தடியால் தட்டினாள், பந்து வலைக்குள் அசையாமல் இருந்தது. எறிந்தாள், கோல். நான் எழும்பி நின்று, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று கத்தினேன். வேற்று மனிசருக்கு நடுவில் நான் அப்படிக் கத்தியது என் பிறப்பில் அந்த ஒரு நாள்தான்.

மற்ற அணியின் தலைவி நடுவரிடம் போய்க் கையை உயர்த்தினாள். நடுவர் சாம்பவியின் தடியை வாங்கினார். பந்தை வலைக்குள் வைத்துக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, பந்து காணாமல் போயிருந்தது. நாடா மழையில் ஊறி இன்னும் இளகிவிட்டது. அவர் வெள்ளை நாடாவை விரலால் இழுத்துப் பார்த்தார், பிறகு பச்சைத் துண்டைப் பார்த்தார். கோல் இல்லை என்று கை காட்டி, அவளை வெளியே அனுப்பினார். மிச்ச நேரத்தில் மற்றவர்கள் ஒரு கோல் போட்டு வென்றார்கள்.

தோல்வியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்களை ஒரு கூடாரத்துக்குள் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர், முன்னால் படிவம், கையில் பேனை. மத்தில்ட், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சாம்பவி, நான். வெளியே குடை பிடித்துக்கொண்டு அந்த அமெரிக்க அம்மா. மத்தில்ட் நேரே என்னிடம் வந்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மடம், இந்தக் கயிற்றை நீங்கள் கட்டினீர்களா? நீங்கள் என்றால் சொல்லுங்கள். தெரியாமல் செய்த பிழை, கோல் போனதோடு முடிந்துவிடும். சோதனைக்குப் பிறகு அவளே மாற்றினாள் என்றால் அது மோசடி. ஐந்து மணிக்கு இந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். பெயரும் கையெழுத்தும் போதும்."

ஒரு சொல்கூடத் தவறாமல் விளங்கியது. படிவத்தில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று கட்டங்கள் இருந்ததும் தெரிந்தது. வருகிற ஆனியில் என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும், இந்தத் தரம் பத்து வருடத்துக்குக் கேட்டிருந்தோம். உதயனின் மனைவி தெரு மாறிப் போனது கண்ணுக்குள் வந்தது. சிரித்த முகத்தோடு கேட்டு, நாலு என்று எழுதிய கை வந்தது.

"கொம்ப்ரான் பா" என்றேன்.

மத்தில்ட் சாம்பவியைப் பார்த்து, அம்மாவுக்குச் சொல்லு என்றாள். சாம்பவி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்களோ கட்டினது எண்டு கேக்கினம். ஓம் எண்டு சொன்னால் போதும்."

தமிழில் கேட்டாள். அதற்குப் பிறகு விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. விளையாட்டுத்தானே, இது போனால் இன்னொன்று வரும், விசா போனால் வருமா என்று நினைத்தேன். நினைத்ததை அப்படியே சொல்லுகிறேன், நல்லவளாகக் காட்டிக்கொள்ள மாற்றிச் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு" என்றேன்.

சாம்பவி மேசைப் பக்கம் திரும்பி, சோதனை முடிந்த பிறகு தான்தான் மாற்றியதாகப் பிரெஞ்சில் சொன்னாள். தனியாகவா என்று அந்த மனிதர் கேட்டார். தனியாகத்தான் என்றாள். அவர் எழுதி, படிவத்தை மத்தில்ட்டின் கையில் கொடுத்தார். அமெரிக்க அம்மா குடையோடு நடந்து போய்விட்டாள்.

றெயிலில் எனக்கு எதிரே இருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் துடித்தது. கடைசியில் நான் சொன்னது, "றோல்ஸ் மிஞ்சிப்போச்சு, சாப்பிடு பிள்ளை" என்பதுதான். வேண்டாம் என்று தலையாட்டினாள். வீட்டில் இவர், "வெண்டனீங்களோ?" என்று கேட்டார். "தோத்திட்டம் அப்பா" என்றாள். தன் மகளுக்கு என்ன நடந்தது என்று இவருக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அடுத்த பருவம் முழுக்க விளையாடத் தடை, அந்த வருடத்து நாற்பத்தேழு கோலும் கணக்கில் இல்லை. அமெரிக்காவிலிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல், எதிர்காலம் நன்றாக அமையட்டும் என்று. தடியைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். தடை முடிந்த பிறகும் அவள் போகவில்லை. பின்சுவரில் சத்தம் நின்றுவிட்டது. கீழ்வீட்டுக் கிழவர் ஒருநாள் என்னை மறித்து, பிள்ளை எங்கே, ஏன் வருவதில்லை என்று கேட்டார். அந்தக் கிழவரிடம் படிவமும் இல்லை, பேனையும் இல்லை. அவருக்கும் கொம்ப்ரான் பா சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

ஆனியில் பிரெபெக்ட்டூருக்குச் சாம்பவிதான் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பிரெஞ்சில் "வணக்கம்" என்றாள். சாம்பவி என்னிடம் திரும்பி, "வணக்கம் சொல்லுறா, அம்மா" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "இருக்கட்டாம். பழைய விசாக் காட்டைக் கேக்கிறா. படம் ரெண்டு வேணுமாம். படத்தில காது தெரியேல்லையாம்." ஒரு சொல் விடாமல் சொன்னாள், என்னை உண்மையாகவே ஒன்றும் விளங்காத ஒரு மனிசியாக வைத்துச் சொன்னாள். கவுண்டருக்குக் கீழே நான் அவள் கையைத் தேடினேன். அவள் இரண்டு கையையும் மேலே வைத்திருந்தாள். எனக்குப் பத்து வருட விசா கிடைத்தது.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அப்படித்தான். படித்து முடித்தாள். விமான நிலையத்தில், பயணப் பெட்டி தொலைந்தவர்களுக்குப் பதில் சொல்லுகிற மேசையில் வேலை எடுத்தாள். வேலைக்குக் கிட்ட என்று கூசேன்வில்லுக்குக் குடி போனாள். சனிக்கிழமைகளில் வருவாள், மரியாதையாகக் கதைப்பாள், மருந்து வாங்கித் தருவாள். யாராவது பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னால் போதும், அதைத் தமிழில் என் முன்னால் வைப்பாள். ஒருநாள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, "அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். "அது முடிஞ்ச கதை, அம்மா" என்றாள். இன்னொரு தரமும் அதே பதில். திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் அதற்கு இடமே தரவில்லை.

அவளுக்குச் சொல்ல முடியாததை மெசினுக்குச் சொன்னேன். "என் மகள் இல்லை, மடம். நான்தான் கட்டினேன்." பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித் தைப்பேன். தவமக்கா சட்டை தைக்கிறபோது மந்திரம் சொல்லுகிறா என்று சாறிக்கடையில் நிற்கிற ஜெகதீஸ்வரி ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு வேலை கூடியது.

2022 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. சாம்பவிக்குத் தையில் கலியாணம். மாப்பிள்ளை கிருஷாந்த், அதே விமான நிலையத்தில் வேலை செய்கிற நல்ல பிள்ளை. கூறைச் சட்டைக்கு அளவு எடுக்க வந்திருந்தாள். கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். தோள் இன்னும் அந்த ஓட்டக்காரியின் தோள்தான்.

"இறுக்கமாத் தையுங்கோ அம்மா. உள்ளுக்கை ஒண்டும் விடாதேங்கோ."

சரி என்றேன். அளவு நாடா அவள் புயத்தைச் சுற்றி இருக்கும்போது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஜெகதீஸ்வரி, "தவமக்கா, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை உங்களைத் தேடி வந்திருக்கு" என்றாள். பின்னால் மத்தில்ட். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள், கொஞ்சம் உடம்பு போட்டிருந்தாள். கையில் அந்தத் தடி.

அணியைக் கலைத்துவிட்டார்களாம். களஞ்சிய அறையை ஒதுக்கியபோது, அந்தக் காலத்தில் விசாரணை முடிந்து திரும்பி வந்த இது அலுமாரிக்குப் பின்னால் கிடந்ததாம். வேறு யாருடையதாக இருந்தாலும் எறிந்திருப்பாளாம். சாம்பவி அந்தக் காலத்தில் கொடுத்த கடை விலாசம் இருந்தபடியால் கொண்டுவந்தாளாம். இதையெல்லாம் அவள் சாம்பவிக்குச் சொல்ல, சாம்பவி வரிவரியாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். தடியைத் தையல் மேசையில் வைத்தார்கள். கைபிடியில் பச்சைத் துண்டு மங்கிப்போய் இருந்தது. வலையில் என் நாடா, ஓரம் பழுத்து, நான் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. சாம்பவி அதைத் தொடவில்லை.

இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தயார் பண்ணி வைத்த பிரெஞ்சு வசனம் வரவில்லை. தமிழில்தான் வந்தது.

"பிள்ளை, அவவுக்குச் சொல்லு. இதை நான்தான் கட்டினனான். நீ இல்லை. நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லு."

சாம்பவி என்னைப் பார்த்தாள். பிறகு மத்தில்ட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நல்ல பிரெஞ்சில் சொன்னாள்: "இவ்வளவு தூரம் வந்ததற்கு அம்மா நன்றி சொல்லுகிறா. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டாம்."

எட்டு வருடத்தில் முதல் தரமாக ஒன்றை மாற்றிச் சொன்னாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, என்னிடமிருந்து அந்த உண்மையை வாங்க விருப்பமில்லாமல் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. மத்தில்ட் நன்றி சொல்லி, கதிரையை இழுக்கப் போனாள்.

"என் மகள் இல்லை, மடம்" என்றேன். பிரெஞ்சில். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நான்தான் கட்டினேன். அன்றைக்கு நீங்கள் கேட்டது எல்லாம் எனக்கு விளங்கினது."

மத்தில்ட் கதிரையில் கை வைத்தபடி நின்றாள். ஆச்சரியப்படவில்லை. சாம்பவியைப் பார்க்காமல், என்னைப் பார்த்து மெதுவாக, அன்றைக்குக் கூடாரத்துக்குள் கதைத்ததைப்போலவே கதைத்தாள். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். கேட்டு முடியப் போய் மெசின் வாங்கில் இருந்துவிட்டேன்.

சாம்பவி என் பக்கம் திரும்பினாள். அளவு நாடா இன்னும் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் இப்போதுதான் பிரெஞ்சில் கதைத்தேன், அதை அவள் தன் இரண்டு காதாலும் கேட்டாள். ஆனாலும் திரும்பினாள்.

"அம்மா," என்றாள். "அவவுக்கு அப்பவே தெரியுமாம். நீங்கள் ஊசியும் நாடாவுமாய் இருந்ததைக் கண்டவவாம். ஆனா நீங்கள் உங்கட வாயால சொல்லாமல் தன்னால எழுதேலாதாம். அஞ்சு மணி மட்டும் அந்தப் பேப்பரைக் குடுக்காமல், உங்களையே பாத்துக்கொண்டு நிண்டவவாம்."

ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.